உங்கள் எடையைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்

சைக்கிள் கடைக்குப் போனால் முதலில் உங்கள் உயரத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பிடித்த நிறத்தைக்கூடக் கேட்பார்கள். எடையை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மனம் புண்படுமோ என்று கடைக்காரருக்குத் தயக்கம்; தானாகச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். இரண்டு பேரும் நாகரிகமாக நடந்துகொண்டதன் பலன், சில மாதங்களில் பின்சக்கரக் கம்பி ஒன்று அறுந்து, புது வண்டி புளோக்கின் கீழ்த்தளத்தில் துருப்பிடிக்கத் தொடங்குகிறது.

90 கிலோவோ 100 கிலோவோ எடையுள்ள, மலைச் சைக்கிள் ஓட்டிப் பழக ஆசைப்படும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அவர் இல்லையென்றால், உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்குச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "முதல்ல எடையைக் குறை, அப்புறம் சைக்கிள் வாங்கலாம்." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது போன்றது அது. எடையைக் காரணமாகக் காட்டிப் பிள்ளைகளைத் தனியே நிறுத்திய காலம் ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. 1992ல் தொடங்கிய 'டாஃப்' திட்டத்தின்கீழ், எடை கூடிய மாணவர்கள் பள்ளியில் தனிக் குழுவாகக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'ஃபேட்' என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகியிருக்காது. 2007ல் திட்டம் முடிவுக்கு வந்தது. அது எப்படி இருந்தது என்று உங்கள் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள்.

என் கருத்து இதுதான்: சைக்கிள் விஷயத்தில் உங்கள் எடை ஒரு பொறியியல் எண். பாலம் கட்டுபவர் லாரியின் எடையைக் கேட்கிறார்; லாரியைத் திட்டுவதில்லை.

புக்கிட் பாத்தோக்கில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள 'லிட்டில் குவைலின்' ஏரி ஒரு காலத்தில் கருங்கல் குவாரி. புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவும் கைவிடப்பட்ட குவாரியில்தான் 1988ல் உருவானது. அப்பர் புக்கிட் தீமா சாலையைத் தாண்டினால் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. 1854ல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் வண்டுகளைத் தேடித் திரிந்த புக்கிட் தீமா காடும் இந்தப் பக்கம்தான். அந்தக் காட்டை ஒட்டி மலைச் சைக்கிள் தடம் ஒன்று ஓடுகிறது. சற்று வடக்கே, 81 ஹெக்டர் பரப்புள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் சைக்கிளுக்கென்றே 8.2 கிலோமீட்டர் தனித்தடம் இருக்கிறது. மடக்க முடியாத சைக்கிளைப் பெருவிரைவு ரயிலில் ஏற்ற முடியாது. அதனால் பாசிர் ரிஸ்ஸில் இருப்பவரைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர். வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் குவாரி இருந்த ஊர் என்றால் கல் இருக்கும் ஊர். தடத்தில் கருங்கல், மரவேர், மழையில் அரித்த படிகள். இவை வண்டியை என்ன செய்கின்றன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் 100 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 115 கிலோ. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டால் எடைவிசை சுமார் 1,130 நியூட்டன். 30 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றிலிருந்து வண்டி கீழே விழுகிறது. நீங்கள் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறீர்கள். டயர் மட்டுமே நசுங்கி, 3 சென்டிமீட்டருக்குள் எல்லாம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கிய தூரம் 33, நிற்பதற்குக் கிடைத்த தூரம் 3. வேலையும் ஆற்றலும் பாடத்தில் படித்ததைப் போட்டால், சராசரி விசை எடையைப்போல் 11 மடங்கு: சுமார் 12,400 நியூட்டன். இதையே பெடல்மேல் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, 12 சென்டிமீட்டர் தூரத்தில் வாங்கிக்கொண்டால் 42ஐ 12ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை மடங்குதான்: சுமார் 3,900 நியூட்டன்.

இப்போது 60 கிலோ எடையுள்ள உங்கள் நண்பர், அதே மாதிரி சைக்கிளில், அதே படியில் விறைப்பாக உட்கார்ந்தபடி இறங்குகிறார். 11 மடங்கு என்றால் சுமார் 8,100 நியூட்டன். முழங்காலை மடக்கிய 100 கிலோக்காரர் கொடுக்கும் அடியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வண்டியை உடைப்பது எடை மட்டும் அல்ல, அந்த எடை எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதும்தான். முதல் நாளே எழுந்து நின்று ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குக் காசு இல்லை.

காசு செலவாகும் இடங்களில் முதலாவது, சக்கரம். அதிலும் பின்சக்கரம். உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் ஏறக்குறைய அறுபதிலிருந்து அறுபத்தைந்து விழுக்காடு அதன்மேல்தான்.

சைக்கிள் சக்கரம் விசித்திரமான பொருள். மெல்லிய ஸ்போக் கம்பி ஒன்றை இரண்டு விரலால் வளைத்துவிடலாம். அப்படிப்பட்ட 32 கம்பிகள் உங்களைத் தாங்குகின்றன. காரணம், அவை எல்லாம் முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டவை. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 1,000 நியூட்டன் இழுவிசை இருக்கும். ஒவ்வொன்றிலும் 100 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதுபோல. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் சில கம்பிகளின் இழுவிசை குறைகிறது. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு கம்பியும் முறை வைத்துத் தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் போகும். செஸ்ட்நட் தடத்தை ஒரு முறை சுற்றி வந்தால் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 3,500 தடவை தளர்ந்து இறுகியிருக்கும்.

பேப்பர் கிளிப் ஒன்றை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். பட்டென்று முறியும். உலோகக் களைப்பு என்பது இதுதான். கம்பி ஒரே அடியில் அறுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறிய அசைவுகளில் களைத்து, பெரும்பாலும் ஹப்புக்குப் பக்கத்தில் வளைந்திருக்கும் இடத்தில் அறுகிறது. எடை கூடக்கூட ஒவ்வொரு சுற்றிலும் அசைவின் அளவு கூடுகிறது. கம்பி தொளதொளவென்று இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அது முழுவதும் தளர்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடுகிறது. இறுக்கமான கம்பிதான் நீண்ட நாள் உழைக்கும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி.

ஆகவே கடையில் கம்பிகளை எண்ணுங்கள். 28க்கு 32 மேல். 36 கிடைத்தால் அதிர்ஷ்டம். இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. பால் கேனும் அரிசி மூட்டையும் சுமந்த பழைய பிரிட்டிஷ் பாணிச் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. சென்னை அம்பத்தூரில் 1949ல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பாணி வண்டிகளைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் நிரப்பின. பின்னால் மூட்டை, நடுவில் ஓட்டுநர், முன்கம்பியில் ஒரு பிள்ளை என்று போன அந்தச் சுமைக்கு முன்னால் உங்கள் 100 கிலோ பெரிதில்லை. யாரும் அந்த மூட்டையைப் பார்த்து இளைத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. பின்சக்கரத்தில் எட்டுக் கம்பி கூட்டினார்கள்.

பின்சக்கர ஹப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. விலை குறைந்த 6, 7 கியர் வண்டிகள் பலவற்றில் பற்சக்கரக் கூட்டம் 'ஃப்ரீவீல்' முறையில் ஹப்பின்மேல் திருகப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் அச்சைத் தாங்கும் பேரிங் உள்ளே தள்ளி இருக்கிறது. வலப்பக்கத்தில் அச்சின் நீளமான துண்டு ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். நெம்புகோல் தத்துவம் தெரிந்தவருக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கனமானவர் ஓட்டினால் அந்த அச்சு வளையும், பிறகு உடையும். 'ஃப்ரீஹப்' முறையில் பேரிங் சட்டகத்துக்கு அருகே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கடைக்காரரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 9 கியரும் அதற்கு மேலும் உள்ள பின்சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீஹப்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத இந்த ஒரு விவரம், தொங்கும் ஸ்பிரிங், மினுங்கும் பெயிண்ட் எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியம்.

அடுத்தது பிரேக். மலைச் சைக்கிளின் வரலாறே இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள் 1930களின் தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மண் சாலையில் மலையிலிருந்து இறங்கும் போட்டியை 1976ல் தொடங்கினார்கள். பின்னால் மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1977ல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிய சைக்கிளைக் கட்டினார். அப்படிப் பிறந்ததுதான் இன்றைய மலைச் சைக்கிள்.

கிரீஸ் ஏன் புகைந்தது? 50 மீட்டர் உயரத்திலிருந்து 115 கிலோ இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் சுமார் 56 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 13 டிகிரி சூடாக்கப் போதுமானது. 75 கிலோ என்றால் 37 கிலோஜூல். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும், வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகத்தான் மாற வேண்டும். அந்த வெப்பம் போய்ச் சேரும் உருக்குத் தட்டு உள்ளங்கையளவு, எடை நூறு நூற்றைம்பது கிராம்தான். ஆகவே ரிம்மைக் கவ்வும் பிரேக் வேண்டாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பாருங்கள். முன்தட்டு 160 மில்லிமீட்டருக்குப் பதில் 180 என்றால் நல்லது. தட்டு பெரிதாக இருந்தால் வெப்பத்துக்கு இடம் கூடும். மையத்திலிருந்து தூரம் கூடுவதால் அதே பிடிக்குத் திருப்புத்திறனும் கூடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். எடை இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. சறுக்கலில் உங்கள் எடையைவிட உங்கள் அவசரம்தான் பிரேக்குக்குப் பெரிய சுமை.

முன்ஃபோர்க் விஷயத்தில் கடைகள் விற்க விரும்புவதும் உங்களுக்குத் தேவையானதும் வேறு வேறு. மலிவான ஃபோர்க்குக்குள் இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதன் கடினம் சராசரி எடைக்காரருக்கென்று தொழிற்சாலையில் முடிவானது. ஹூக் விதிப்படி எடை கூடினால் சுருக்கமும் கூடும்; நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே பாதிப் பயணத்தை ஸ்பிரிங் செலவழித்துவிட்டால், வேர் வரும்போது 'டங்' என்று அடியில் முட்டும். காற்று ஃபோர்க்கில் இந்தப் பிரச்சினை இல்லை. சிறிய பம்ப் ஒன்றால் அழுத்தத்தை ஏற்றி, 60 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் அதே ஃபோர்க்கைப் பொருத்தமாக்கலாம். காற்று ஃபோர்க்குக்கு வசதியில்லையா? அசையாத கெட்டி ஃபோர்க்கை வாங்குங்கள். மோசமான ஸ்பிரிங்கைவிட அது நேர்மையானது. முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டியை மட்டும் தொடவே வேண்டாம். அந்த விலையில் இரண்டு ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள் என்றால் சக்கரத்திலும் ஹப்பிலும் எதை மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

டயரைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. அகலமாக இருக்கட்டும், 2.4 அங்குலம் நல்ல அளவு. உங்கள் பின்டயர் சுமார் 730 நியூட்டனைத் தாங்குகிறது. 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 207 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அது தரையில் ஏறக்குறைய 35 சதுர சென்டிமீட்டர் பரவும். 60 கிலோ நண்பருக்கு 23தான். அவர் சொல்லும் அழுத்தத்தை அப்படியே வைத்தால் உங்கள் டயர் கூடுதலாக நசுங்கி, ரிம் கல்லில் இடிக்கும். கொஞ்சம் ஏற்றி வையுங்கள். ரொம்ப ஏற்றினால் ஈரவேரில் வழுக்கும்.

ஏற்றத்துக்கு வருவோம். 10 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, 115 கிலோவுக்குச் சுமார் 156 வாட் வேண்டும். 75 கிலோவுக்கு 102 வாட். மூன்று கிலோ குறைந்த விலையுயர்ந்த சைக்கிள் இந்த 156ல் நான்கு வாட்தான் மிச்சப்படுத்தும். அதற்காக நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுப்பது வீண். பின்னால் 46 பல்லோ அதற்கு மேலோ உள்ள பெரிய பற்சக்கரமும் முன்னால் 32 பல்லும் இருந்தால் மெதுவாக, மூச்சுவிட்டுக்கொண்டு ஏறலாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். எல்லாரும் எங்காவது தள்ளியிருக்கிறார்கள்.

கனமான சைக்கிள்தான் உறுதியானது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. குழாயின் சுவர் கனம் மாறாமல் விட்டத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் வளையாமல் நிற்கும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்காகும். எடை இரண்டு மடங்குதான். அதனால்தான் நல்ல அலுமினியச் சட்டகங்களில் குழாய்கள் தடித்து உப்பியிருக்கின்றன. மலிவு வண்டி கனப்பது பலத்தால் அல்ல, தரம் குறைந்த உருக்கால்.

இனி, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். உங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குள் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று பலகை இருக்கும். படிக்க ஒரு நொடி போதும், அதைப் பார்த்து யாரும் அவமானப்படுவதில்லை. சைக்கிளுக்கும் அப்படியோர் எடை வரம்பு உண்டு. ஐஎஸ்ஓ 4210 என்ற அனைத்துலகத் தரநிலையின்படி சட்டகத்தை இயந்திரத்தில் பொருத்தி, மிதிக்கும் விசையை 100,000 முறை கொடுத்துச் சோதிக்கிறார்கள். தயாரிப்பாளரிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த எண் பெரும்பாலும் கையேட்டின் நடுப்பக்கம் ஒன்றில், வாங்கிய பிறகே கண்ணில் படும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு வண்டிக்கு 100, இன்னொன்றுக்கு 120, மற்றொன்றுக்கு 136 என்று மாறும். பலவற்றில் அது உங்கள் எடைக்கான வரம்புகூட அல்ல. நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த வரம்பு. 120 என்று பார்த்துவிட்டு 20 கிலோ மிச்சம் இருக்கிறது என்று 100 கிலோக்காரர் நினைப்பார். 15 கிலோ சைக்கிளையும் 3 கிலோ பையையும் சேர்த்தால் மிச்சம் இரண்டே கிலோ.

இந்த எண்ணை விலைச்சீட்டிலேயே, விலைக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் வாதம். கூச்சப்படும் மாணவர் யாரிடமும் வாய் திறக்காமலேயே தனக்கான வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். விற்பனை குறையும் என்று கடைகள் சொல்லக்கூடும். எந்த வண்டிகளின் விற்பனை குறையும் என்பதையும் அப்போது தெரிந்துகொள்ளலாம்.

அது வரும்வரை வேலை உங்களுடையது. கடைக்குள் போய், "என் எடை 100 கிலோ, காட்டுத்தடத்தில் ஓட்டப் போகிறேன், இந்த வண்டியின் மொத்த எடை வரம்பு எவ்வளவு? கையேட்டைக் காட்டுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். அப்பாவோ அம்மாவோ கூட வந்தால் இந்தக் கேள்வியை அவர்களிடம் விடாதீர்கள். அவர்கள் விலையைப் பேசிக்கொள்ளட்டும். பதில் சொல்ல முடியாத கடையிலிருந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சீட் கம்பியில் 'இதற்கு மேல் உயர்த்தாதே' என்று ஒரு கோடு இருக்கும். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சட்டகம் உங்களுக்குச் சிறியது. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். ரிம் பாம்புபோல் நெளிந்தால் வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அழுத்தினால், சக்கரத்தின் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும்.

புது வண்டி என்றால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கம்பிகளை மறுபடி இறுக்கித் தரச் சொல்லுங்கள். புதுக் கம்பிகள் தம் இடத்தில் அமரும்போது சற்றுத் தளரும். அந்தத் தளர்வோடு ஓட்டிக்கொண்டே போவதுதான் கம்பி அறுவதற்குக் குறுக்குவழி. வாங்கும்போதே இதைப் பேசிவைத்தால் சில கடைகளில் இலவசமாகவே செய்து தருவார்கள்.